ஹாம்லெட்டின் அம்மாவுக்கு ஒரு சான்ஸ்!

ஆபீசில் மெமோ கொடுத்தால்கூட 'உன் விளக்கம் என்ன?' என்று ஒரு வரி கேட்பார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் ராணி கெர்ட்ரூடுக்கு அதுவும் கிடையாது சார்!

கதை தெரியும்தானே? டென்மார்க் ராஜா திடீரென்று செத்துப் போகிறார். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ராணி தன் கொழுந்தன் கிளாடியஸைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ராஜாவின் ஆவி மகன் ஹாம்லெட்டிடம் வந்து, 'தூங்கும்போது காதில் விஷம் ஊற்றியவன் அவன்தான்' என்கிறது. அப்புறம் புலம்பல், கத்திச்சண்டை, கடைசியில் மேடை பூரா பிணம்! நானூறு வருஷமாக நாம் கேட்டதெல்லாம் பிள்ளையின் கட்சி. அம்மாவுக்கு வசனமே குறைச்சல்.

2000-ல் வெளிவந்த 'கெர்ட்ரூட் அண்ட் கிளாடியஸ்' நாவலில் அவள் கட்சியைச் சொல்கிறார் அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக். அடியேன் பி.காம். என் பாஷையில் சொன்னால், ஷேக்ஸ்பியர் காட்டியது குளோசிங் பாலன்ஸ். அப்டைக் ஓப்பனிங் பாலன்ஸிலிருந்து கணக்கெழுதுகிறார்.

ஆரம்பத்தில் அவளுக்கு 16 வயசு. அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாள். யார் கேட்டது? கல்யாணம் நடக்கிறது. புருஷன் பெரிய வீரர், கடமை தவறாதவர். அவளோடு பேசத்தான் நேரமில்லை. பிள்ளையும் முறைத்துக்கொண்டே வளர்கிறான். ஊர் ஊராகச் சுற்றிய கொழுந்தன் வருகிறான். அவள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறான். அங்கேதான் வினை ஆரம்பம்!

பழைய டேனிஷ் சரித்திரம், பிரெஞ்சுக் கதை, ஷேக்ஸ்பியர் என்று மூன்று இடத்துப் பெயர்களையும் பாகத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார் அப்டைக். கெருதா கடைசியில் கெர்ட்ரூட் ஆகிறாள். மெட்ராஸ் சென்னை ஆன மாதிரி!

கொலைக்கு வெள்ளையடிக்கவில்லை. அண்ணனுக்குக் குட்டு தெரிந்ததும் கிளாடியஸ் விஷத்தை எடுக்கிறான். அது ராணிக்குத் தெரியாது. முடிவில், இனி எல்லாம் சுபம் என்று கிளாடியஸ் நிம்மதியாக அரியணையில் உட்கார்கிறான். முற்றும்! அடுத்து வரப்போகும் விஷக் கோப்பை நமக்குத் தெரியும். பாவம், அவளுக்குத் தெரியாது.

படித்து முடித்த மறுநாள் காலை என் அம்மாவிடம் கேட்டேன்: "பதினாறு வயசுல உனக்கு என்னம்மா ஆசை இருந்துச்சு?"

"இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றாள். ஆனால், கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ஆபீசுக்கு லேட்டானால் ஆகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.