கள்ளுக்கடை போனது, பாட்டில் கடை வந்தது!

சம்பளம் போட்ட மறுநாள் மாலை. தோட்டத்து எல்லையில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சாமான் கடை. வாசலில் இரண்டு பெஞ்சு. உள்ளே அரிசி மூட்டை, சார்டின் டின், கருவாடு. கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் சின்னதும் பெரியதுமாகப் பாட்டில்கள்.

ஓர் அம்மா வந்தார். "அண்ணே, நம்ம கணக்குல எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார். கடைக்காரர் 555 நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அரிசி, பருப்பு, பால் டின், பிள்ளைக்குப் பென்சில் என்று எழுதியிருந்தது. நடுநடுவே "சின்ன பாட்டில்", "சின்ன பாட்டில்" என்றும் இருந்தது. அந்த அம்மா பக்கத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காசை எண்ணி வைத்துவிட்டு, வாங்க வந்த சாமானில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னாங்க செய்யிறது? அரிசி பருப்புல என்னா லாபம் இருக்கு? இந்த அலமாரிதான் கடை வாடகையைக் கட்டுது. நான் நிறுத்துனா அடுத்த கடையில போய் வாங்குவாங்க" என்றார். அவரும் நம்மவர்தான். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைக்கிறார்.

வியாபாரமும் வேண்டும், குடும்பமும் கெடக்கூடாது. இதற்கு வழி என்ன? தோட்டப் பாட்டாளிகள் நாமே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

பழைய கதை

இது நமக்குப் புதிய வழக்கு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. தோட்ட நிர்வாகமே அனுமதி பெற்று நடத்தியது. அதில் வந்த லாபம் தொழிலாளர் நலனுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காசு யாருடையது? நம் பாட்டனார் வேர்வை சிந்திச் சம்பாதித்த கூலி. அதைக் கள்ளுக்கடை வழியாக வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தை "நலன்" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் முன்னோர் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு, 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல் அதன் முக்கியமான வேலை. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல் ஏற்பட்டு அங்கேயும் உயிர் போனது. குடிக்காதே என்று சொன்னதற்காக உயிரைக் கொடுத்த சமூகம் நாம். இதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

இன்று தோட்டத்துக் கள்ளுக்கடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டுபட்டன. நம்மில் பலர் தாமானுக்கும் பட்டணத்துக்கும் குடிபெயர்ந்துவிட்டோம். ஆனால் பழக்கம் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. கள்ளுக்குப் பதில் சம்சு. கள்ளில் சாராயச் சத்து குறைவு. பாட்டில் சரக்கில் அதுபோல் பல மடங்கு.

ஒரு சின்னக் கணக்கு

2025-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நல்ல செய்தி. ஒருவர் நாளைக்கு 10 வெள்ளிக்குக் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 வேலை நாள். 260 வெள்ளி போய்விட்டது. சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல்! அப்பா போராடி வாங்கிய சம்பள உயர்வை மகன் பாட்டிலில் ஊற்றிக் குடித்தால், அது யாருக்குக் கிடைத்த உயர்வு?

அரசாங்கத்துக்கு வரி வருகிறது. கம்பெனிக்கு லாபம் வருகிறது. கடைக்காரருக்கு வாடகை வருகிறது. நமக்கு என்ன வருகிறது? கல்லீரல் வீக்கமும் வீட்டில் சண்டையும்தான்.

இழுத்து மூடினால் போதுமா?

"அப்படியானால் எல்லாக் கடையையும் மூடச் சொல்லுங்கள்" என்று தாய்மார்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். இறந்தவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். மெத்தனால் வாசனையில் தெரியாது. பத்து மில்லி உள்ளே போனாலே கண் போகலாம். முப்பது மில்லி உயிரையே எடுக்கலாம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல் வரும். அப்படி யாருக்காவது வந்தால் "போதை தெளிஞ்சா சரியாயிடும்" என்று படுக்க விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உரிமம் உள்ள கடையை ஒரேயடியாக மூடினால், வேலிக்குப் பின்னால் கள்ளச்சரக்கு விற்பவனுக்குத்தான் கொண்டாட்டம். அவனுக்கு வயதும் தெரியாது, நேரமும் தெரியாது. அதற்காகக் கண்டபடி உரிமம் கொடுக்கலாமா? அதுவும் கூடாது. எத்தனை கடை, எந்த இடத்தில், எத்தனை மணி வரை, யாருக்கு விற்கலாம் என்று கட்டுப்படுத்துவதற்காகத்தானே உரிமம் என்ற ஒன்றே இருக்கிறது!

யார் கையில் அதிகாரம்?

தீபகற்ப மலேசியாவில் மதுபானச் சில்லறை விற்பனைக்கு 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் உரிம வாரியத்தின் கையில் உள்ளது. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான வயது 18-லிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. இருபது வயதுப் பையனுக்கு விற்றாலும் குற்றம்தான்.

வாரியம் நினைத்தால் கட்டுப்படுத்த முடியும் என்பதற்குக் கோலாலம்பூரே சாட்சி. மளிகைக் கடைகளும் 24 மணி நேரக் கடைகளும் 2021 அக்டோபர் முதல் காட்டமான மது விற்கக்கூடாது, பீர் மட்டும் காலை 7 முதல் இரவு 9 வரை விற்கலாம் என்று அங்கே 2020 நவம்பரில் அறிவித்தார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள். பிழைப்புப் போய்விடும் என்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பிலிருந்து நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மூடு அல்லது திற என்ற இரண்டே வழி அல்ல. நடுவிலும் வழி உண்டு.

நாம் செய்யக்கூடியது

பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் புதிதாக மதுக்கடை வருவதாகத் தெரிந்தால், திறப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். வட்டாரத்து மக்கள் கையெழுத்திட்டு மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் கோபத்தை மட்டும் கொட்டாமல், கடை எங்கே இருக்கிறது, பள்ளி எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு என்ன தொந்தரவு என்று எழுதுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கார அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சட்டம் உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் கடனுக்குச் சரக்கு கொடுக்காதீர்கள். அரிசி எழுதும் அதே பக்கத்தில் பாட்டிலை எழுதாதீர்கள். பள்ளிச் சீருடையோடு அப்பாவுக்கு வாங்க வரும் பிள்ளையை வெறுங்கையோடு திருப்பி அனுப்புங்கள். இதனால் உங்கள் கடை படுத்துவிடாது.

குடிக்கும் தோழர்களே, உங்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. நாளெல்லாம் வெயிலில் குலை சுமந்தவனுக்கு உடம்பு வலிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மாதம் சம்பளம் வந்ததும், கடைக்கு நீங்களே போய், அந்த 555 புத்தகத்தை வாங்கி ஒரு தடவை படித்துப் பாருங்கள். இத்தனை நாளும் அதை உங்கள் சம்சாரம்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.