உறை போட்ட பல் வலிப்பது ஏன்?

பல் வலித்தால் பிடுங்கிவிடுவது என்பதே ஒரு காலத்தில் நம் தோட்டப்புறங்களில் அனைவரும் அறிந்த வைத்தியமாக இருந்தது. தோட்டத்து டிரஸர் கொடுக்கும் மாத்திரைக்கு வலி அடங்கவில்லையெனில், சம்பள நாளுக்குப் பின் பட்டணம் சென்று பல்லை எடுத்துவிட்டுத் திரும்புவர். நாற்பது வயதிற்குள் கடைவாய்ப் பற்களில் பாதியை இழந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தனர். முன்பல்லில் தங்க உறை பளிச்சிடச் சிரிப்பது வசதியின் அடையாளமாகக் கருதப்பட்டதும் அக்காலத்தில்தான். அவ்வுறைகளைக் கட்டியவர்களுள் பலர் பல் மருத்துவக் கல்லூரியில் பயிலாதவர்கள். தொழிலைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அத்தகையோரைப் பதிவு செய்து, அவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றையே வகுக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. பேராக்கில் ரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் விட்டன. சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், பீடோர் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களில் குடியேறியுள்ளன. பிள்ளைகள் சம்பாதிக்கின்றனர். ஆகவே, பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றி, அதன்மேல் உறை போட்டுக்கொள்ள ஈப்போவிற்கு வருவோரின் தொகையும் பெருகியிருக்கிறது. 'கிரவுன்' என்றும் 'கேப்' என்றும் மக்கள் குறிப்பிடுவது இதனையே. இது வரவேற்கத்தக்க மாற்றமாகும். எனினும், காசு செலவழித்து உறை போட்ட பின்னரும் பல் வலித்தால் என்ன செய்வது என்பதில் நம்மவர்களிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது.

நாம் அறிந்த அம்மையார் ஒருவர், முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றிற்கு மகள் பணம் கட்டி உறை போட வைத்தார். உறை பொருத்திய மறுநாள் முதல் அப்பக்கத்தில் சோற்றைக்கூட மெல்ல இயலவில்லை. "இத்தனை காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்றார் உறவினர் ஒருவர். "பேசாமல் பிடுங்கிப் போடுங்கள்" என்றார் அண்டை வீட்டார். மகளுக்கு மேலும் செலவு வைக்கக் கூடாதே என்றெண்ணிய அம்மையார், வலியை வெளியே சொல்லாது மூன்று வாரம் மாத்திரையிலேயே காலம் தள்ளினார். இறுதியில் மகளே கண்டறிந்து அழைத்துச் சென்றார். மருத்துவர் ஒரு நீல வண்ணத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் செய்தார்; உறையின் மேற்புறத்தில் அழுத்தமாகப் பதிந்த புள்ளியைச் சற்றே தேய்த்தார். சில நிமிட வேலை. ஒரு வாரத்தில் அம்மையார் அப்பக்கத்திலேயே முறுக்குக் கடித்தார்.

அம்மையாரின் பல்லில் நேர்ந்தது என்ன? உறை மிகச் சிறிதளவு உயரமாக இருந்தது, அவ்வளவே. ஒரு முடியின் பருமன் அளவு உயர்ந்திருந்தாலும் வாய் மூடும்போது மற்றப் பற்களுக்கு முன்னதாக அப்பல்லே முட்டும். தாடையின் முழு விசையும் அதன்மேல் இறங்கும். பல்லை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்கள் இதனால் புண்ணாகி வலிக்கின்றன. உறை பொருத்தும் வேளையில் ஊசி மருந்தால் தாடை மரத்திருக்கும். நாற்காலியில் சாய்ந்த நிலையில் இயல்பாகக் கடிக்கவும் வராது. ஆதலின், இந்த உயரம் வீடு திரும்பிய பின்னரே நமக்குப் புலப்படும். இது மருத்துவரின் மோசடியன்று. ஆனால் மருத்துவரிடம் மீண்டும் சென்று சொன்னாலன்றி அவருக்குத் தெரிய வழியும் இல்லை. பல வாரங்கள் இதனை அப்படியே விட்டுவைத்தால் பல்லின் உள்நரம்பு எரிச்சலுறலாம்; பீங்கான் உறையில் விரிசலும் விழலாம்.

கடிக்கும்போது அன்றி, குளிர்ச்சி பட்டால் மட்டும் பல் கூசுவது வேறு வகை. இதனைப் பால்மரம் சீவியவர்களுக்கு எளிதில் விளக்கலாம். சீவும் கத்தி பட்டையை மட்டுமே மெல்லியதாக எடுக்க வேண்டும். ஆழம் மிகுந்து உட்புறத்தில் காயம் பட்டால் மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கெடும். உறை போடுவதற்கும் பல்லைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை துருவி எடுக்க வேண்டியுள்ளது. எனாமல் எனப்படும் கடினமான வெளித்தோடு நீங்கியதும் உள்ளே டென்டின் என்னும் பகுதி வெளிப்படுகிறது. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழல்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கிறது. குளிர்ச்சியோ இனிப்போ படும்போது அந்நீர் அசைகிறது. உள்முனையிலுள்ள நரம்பு அந்த அசைவை வலியாக உணர்கிறது. 1960களில் சுவீடன் நாட்டு அறிஞர் பிரன்ஸ்ட்ரோம் இவ்விளக்கத்தைச் சோதனைகளால் நிலைநாட்டினார். பட்டை மீண்டும் வளரும். எனாமல் வளராது என்பதுதான் மரத்திற்கும் பல்லுக்கும் உள்ள வேறுபாடு.

துருவியதால் அதிர்ந்த நரம்பு அமைதியடையச் சில நாட்கள் பிடிக்கும். ஐஸ் காச்சாங் உண்ணும்போது சுரீரென்று கூசி, வாயை விட்டு அகன்றதும் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. நாளுக்கு நாள் கூச்சம் குறைந்துவருகிறதா என்று கவனித்தல் போதும். பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் அடங்கிவிடும். ஈறு கீழிறங்கி உறையின் விளிம்புக்குக் கீழே வேர் தென்பட்டாலும் இவ்விதக் கூச்சம் தோன்றும். பற்கூச்சத்திற்கென விற்கப்படும் பற்பசையை நாள்தோறும் பயன்படுத்தினால் சில வாரங்களில் குறையும். உறையை ஒட்டிய பசையில் எஞ்சியது ஈறுக்கடியில் தங்கிவிட்டால் ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசியும். இதையும் மருத்துவர் எளிதில் அகற்றுவார்.

அலட்சியம் செய்யக் கூடாத வலி இவற்றினின்று வேறுபட்டது. குளிர்ச்சி நீங்கிய பின்னும் அரை நிமிடத்திற்கு மேல் தொடரும் வலி, சூடான தேநீர் பட்டால் எழுந்து குளிர்ந்த நீர் கொப்பளித்தால் தணியும் வலி, எதுவும் படாமல் தானே தோன்றும் வலி, நள்ளிரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை பல்லின் உள்நரம்பு பழுதுபட்டு வருவதைக் காட்டுகின்றன. இந்நரம்பு தானே தேறாது. பின்னர் ஒரு நாள் வலி திடீரென நின்றுபோகும். "சரியாகிவிட்டது" என்று பலர் நிம்மதி கொள்வது அப்போதுதான். உண்மையில் நரம்பு இறந்துவிட்டது. வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்கும்.

உறைக்குள் இருக்கும் பல்லின் நரம்பு ஏன் இறக்கிறது என்று கேட்பது இயல்பே. உறை போட வேண்டிய அளவிற்கு வந்த பல் பெரும்பாலும் ஆழமான சொத்தையாலும் பலமுறை அடைத்ததாலும் முன்னரே தளர்ந்தது. துருவுதல் அதற்கு இறுதிச் சுமையாக அமைந்துவிடுகிறது. ஹாங்காங்கில் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருள்ள பற்களின்மேல் போட்ட உறைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பற்களில் நரம்பு உயிரோடிருந்தது. எஞ்சியவற்றில் அது அழிந்தது. திறமையான கைகளிலும் இது நேரக்கூடியதே என்பதை இதனால் அறியலாம்.

இந்நிலையிலும் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பதில்லை. உறையின் மேற்புறத்தில் சிறு துளையிட்டு, அதன் வழியே வேர் சிகிச்சை செய்து, துளையை அடைத்துவிடப் பெரும்பாலும் முடிகிறது. போட்ட காசு வீணாயிற்று என்று மனமொடிந்து பல்லையே இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இச்செய்தி முன்னமே எட்டியிருக்கலாகாதா என்று வருந்தியதும் உண்டு. வேர் சிகிச்சை முடித்துப் பின் உறை போட்ட பல்லுக்குக் குளிர்ச்சி தெரியாது. அது கடிக்கும்போது வலித்தால் காரணம் உயரமோ, வேரில் எஞ்சிய நோயோ, விரிசலோ ஆகலாம். கடிக்கும்போது அன்றி, கடித்ததை விடும்போது சுரீரென்று குத்தினால் விரிசலை ஐயுற வேண்டும்.

உறை போட்ட பல்லுக்குச் சொத்தை வராது என்றொரு நம்பிக்கை உள்ளது. உறைக்குச் சொத்தை வராது, பல்லுக்கு வரும். உறையின் விளிம்பும் ஈறும் கூடுமிடத்தில் அழுக்குத் தங்கினால் உள்ளே அரிப்பு பரவும். ஐந்தாறு ஆண்டு நன்றாக இருந்து பின்னர் வலிக்கும் உறைகளில் இதுவே பெரும்பாலும் காரணம்.

வலியை வீட்டிலேயே அடக்க முயல்வதில் உள்ள தீங்குகளையும் கூறியாக வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்குவதால் ஈறு வெந்துபோகும். கிராம்புத் தைலத்தைக் கலக்காமல் ஊற்றினாலும் அப்படியே. புகையிலையை அடக்கிக்கொள்வது வாய்ப்புற்றுநோய்க்கு அழைப்பு விடுப்பதாகும். பாரசிட்டமால் உட்கொள்ளலாம், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டலாகாது, கல்லீரல் நோயுள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதர வலி மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் கேளாமல் உண்ணக் கூடாது.

நம் சமூகத்தில் மேலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31ஆக உயர்ந்திருந்தது. நீரிழிவு உள்ளவரின் பல்லில் கட்டும் சீழ் விரைந்து பரவும். தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால், பல் மருத்துவரின் முன்பதிவிற்குக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்கு உடனே செல்ல வேண்டும். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை உள்ளது.

உறை போட்டவரிடமே திரும்பிச் செல்லத் தயங்க வேண்டாம். அது இயலாதெனில் அரசாங்கப் பல் மருந்தகத்தை நாடலாம். குடிமக்களுக்கு அங்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்டே. மலிவாக வீட்டிற்கே வந்து உறை ஒட்டித் தருவதாகக் கூறுவோரை அணுகுதல் ஆகாது. பதிவு பெறாத மருந்தகம் நடத்தும் தனி நபருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. மருந்தகத்தில் அவ்வாண்டுக்குரிய தொழில் சான்றிதழ் உள்ளதா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

மருத்துவரிடம் செல்லும்போது வலி எப்போது தொடங்கியது, குளிர்ச்சிக்கா, சூட்டிற்கா, கடிப்பதற்கா, எத்தனை நேரம் நீடிக்கிறது, இரவில் எழுப்புகிறதா என்பவற்றைக் குறித்துச் சென்றால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். உண்ணும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லலாம். உறை கழன்று விழுந்துவிட்டால் கடையில் விற்கும் பசையால் ஒட்ட வேண்டாம். கழுவி, சிறு டப்பாவில் இட்டுப் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். பல நேரங்களில் அதே உறையை மீண்டும் பொருத்தித் தருவார்கள்.