17 பேர், 5 இடம்

பெர்சோனா கியூ: ஷேடோ ஆஃப் த லாபிரிந்த். அட்லஸ் நிறுவனம் நின்டெண்டோ 3டிஎஸ் கைக்கருவிக்காகச் செய்த கேம். ஜப்பானில் 2014 ஜூன் 5 அன்று வந்தது, அமெரிக்காவுக்கு அதே ஆண்டு நவம்பர் 25 அன்று. பெர்சோனா 3 (2006), பெர்சோனா 4 (2008) என்ற இரண்டு கதைகளின் ஆட்களையும் ஒரே பள்ளிக்கூடத்தில், முடியாத ஒரு கலைவிழாவுக்குள் பூட்டிவைக்கிறது. முதல் கதை நடப்பது 2009இல், இரண்டாவது 2011இல். சந்திக்கவே வாய்ப்பில்லாதவர்களைச் சந்திக்கவைப்பதுதான் சரக்கு. இப்படி 'எல்லோரும் வருகிறார்கள்' என்று வரும் கேம்களின் பெட்டியில் முகங்கள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே எத்தனை பேருக்கு இடம் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பணத்தை முடித்துவிடலாம். வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர். டாரட் சீட்டுக்கட்டு முதலியவை சேர்ந்த சிறப்புப் பெட்டி 79.99. கருவி இல்லாதவருக்கு 3டிஎஸ் தனியாக 169.99. (2011 மார்ச்சில் 249.99 டாலருக்குச் சந்தைக்கு வந்த கருவி அது. விற்பனை படுத்துக்கொள்ள, ஆகஸ்டிலேயே 80 டாலரை வெட்டினார்கள்.) சாதாரணப் பெட்டியும் கருவியும் சேர்த்து 219.98. அன்றைய மதிப்பில் டாலருக்கு 62 ரூபாய் போட்டால் 13,600 ரூபாய் சொச்சம். கதையை ஒருமுறை முடிக்க 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், கைப்பழக்கத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். கருவியோடு சேர்த்தால் மணிக்கு 227 ரூபாய், கேம் மட்டும் என்றால் 52.

மின்சாரம் வேடிக்கையான கணக்கு. பேட்டரி 1,300 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஏறக்குறைய 5 வாட் மணி. ஒரு சார்ஜுக்கு 3 முதல் 5 மணி நேரம் ஓடும் என்பது நின்டெண்டோ சொன்னது. நடுவில் 4 என்று பிடித்தால், 60 மணி நேரத்துக்கு 15 சார்ஜ், 75 வாட் மணி. சார்ஜர் சூடாகி வீணாவதையும் சேர்த்துக்கொண்டால் 0.1 யூனிட். மாதக் கரண்டு பில்லில் இதைப் பூதக்கண்ணாடி வைத்தாலும் காண முடியாது. ஆனால் ஒரு சார்ஜுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். 15 சார்ஜுக்கு 52.5 மணி நேரம். ஒயரைக் கழற்றிவிட்டு விளையாடுகிற ஆள், கிட்டத்தட்ட விளையாடிய அளவுக்கே கருவியைச் சுவரில் தொங்கவிட வேண்டும்.

பெரிய செலவு பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஆகியிருக்கும். பெர்சோனா 3, 4 இரண்டும் தலா 70 மணி நேரத்துக்குக் குறையாது. ஆக 140. கியூவின் 60 மணி நேரத்தைச் சேர்த்தால் 200, அதில் 70 சதவீதம் முன்பணம். கட்டாமலும் உள்ளே நுழையலாம், கேம் தடுக்காது. ஆனால் பெர்சோனா 3 முடித்தவருக்கு ஷின்ஜிரோவுக்கு அக்டோபர் 4 அன்று என்ன ஆகும் என்று தெரியும். இங்கே அவன் கோட்டோடு சும்மா வந்து நிற்பதே நெஞ்சை அடைக்கும். தெரியாதவருக்கு அவன் முன்வரிசையில் அடி வாங்கத் தோதான ஓர் ஆள், அவ்வளவுதான்.

இனி தலைகளை எண்ணலாம். பெர்சோனா 3 பக்கம் களமிறங்குவோர் 9 பேர், பெர்சோனா 4 பக்கம் 7. இந்தக் கேமுக்காகவே பிறந்த சென், ரெய் இருவரும் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால் அவர்களை 1 என்று கொள்ளலாம். மொத்தம் 17. ஃபூகா, ரிசே இருவரும் வழிகாட்டிகள், சண்டையில் இறங்க மாட்டார்கள். களத்தில் இடம் 5. அதிலும் ஒரு வரிசையில் 3 பேருக்கு மேல் நிற்க முடியாது. ஊரையே கூட்டிவிட்டு ஐந்து இலை மட்டும் போட்ட பந்தி இது. எந்த நேரத்திலும் 12 பேர், 70 சதவீதத்துக்கு மேல், கை நனைக்காமல் நிற்பார்கள்.

17 பேரில் 5 பேரை 6,188 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கூட்டணிக்குப் பத்தே நிமிடம் கொடுத்தாலும் எல்லாவற்றையும் பார்க்க 1,031 மணி நேரம் வேண்டும். இதைவிட உறைக்கிற கணக்கு ஒன்று உண்டு. 60 மணி நேரம், 5 இடம் என்றால் கைவசம் 300 ஆள்மணி. 17ஆல் வகுத்தால் தலைக்கு 17.6. தொடக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்காத அணி முதல் லாபிரிந்த் (புதிர்ப்பாதை) முடியும் வரை வந்து சேராது என்பதால், அவர்களுக்கு உண்மையில் அதுவும் கிடைக்காது. வெளியே நிற்பவருக்கு அனுபவப் புள்ளியும் ஏறாது. எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கும் நல்ல மனசுக்காரர், எல்லோரையும் அரைகுறையாக வளர்த்துக்கொண்டு பாஸ் முன் போய் நிற்பார். பலர் இரண்டாவது லாபிரிந்திலேயே ஐந்து பேரை முடிவுசெய்துவிடுவதற்குக் காரணம் பாசம் இல்லை, லெவல்தான்.

யாருக்கு இடம் என்பதிலும் எண்கள் புகுந்து விளையாடும். ஒரே மந்திரத்தில் எதிரிக் கூட்டத்தையே துடைத்துவிடும் ஹமா, முடோ வகைகள் இந்தக் கேமில் தாராளமாகவே பலிக்கும். அவை பெர்சோனா 4 அணியின் நவோட்டோவின் கையில் இருக்கும். அவளுக்கு ஓர் இடம் போனால், மீதி 4 இடத்துக்கு 16 பேர். மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்ளும் எலிசபெத் தரும் சில வேலைகளுக்கு இன்னாரைக் கூட்டிவா என்ற நிபந்தனை உண்டு. மூலையில் கிடந்தவரைத் தூசி தட்டி இழுத்துவருவது அப்போதுதான்.

எழுதியவர்களும் இந்தப் பற்றாக்குறையை அறிந்தே வேலை பார்த்திருக்கிறார்கள். விழாவுக்குள் சுற்றும்போது வரும் உரையாடல்களில் களத்துக்குப் போகாதவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கேமின் சிரிப்பில் பாதி அங்கேதான். மூலக்கதைகளில் நாயகனுக்கு மட்டும் இருந்த, இன்னொரு பெர்சோனாவை (சண்டையில் வரவழைக்கும் மனத்துணையை) மாட்டிக்கொள்ளும் உரிமையை இங்கே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் துணைப் பெர்சோனா தரும் கூடுதல் உயிரும் சக்தியும் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தானே நிரம்பும். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் அடுத்த மந்திரம் இலவசம். சிக்கனக்காரர்கள் இந்த இரண்டை மட்டும் வைத்தே லாபிரிந்தின் ஒரு மாடியை ஓட்டிவிடலாம்.

சிக்கனம் தேவைதான். வீழ்ந்த எதிரி காசு தர மாட்டான், மூலப்பொருளைத்தான் விட்டுப்போவான். கடை நடத்தும் தியோடரிடம் அதை விற்றால்தான் பணம், விற்றால்தான் புது ஆயுதமும் கடைக்கு வரும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எலிசபெத் வைத்தியச் செலவாக வாங்கிவிடுவாள். அக்கா ஒரு கையில் பிடுங்க, தம்பி மறு கையில் கொடுக்க, குடும்பத் தொழில் நன்றாக நடக்கிறது. மாடியின் வரைபடத்தைக் கீழ்த்திரையில் முழுக்க வரைந்தால் திறக்கும் பெட்டிகளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து சேர்க்கும் காசுகள். 100 எட்டுக்கு 1 காசு, நாளுக்கு 10, உச்சவரம்பு 300.

அடுத்த பாகமான பெர்சோனா கியூ2 ஜப்பானில் 2018 நவம்பர் 29, வெளியே 2019 ஜூன் 4. பெர்சோனா 5 அணியும், பெர்சோனா 3இன் கைக்கருவிப் பதிப்பில் மட்டும் இருந்த நாயகியும் சேர, எண்ணிக்கை 28 ஆனது. மூன்று வழிகாட்டிகளைக் கழித்தால் 25. இடம் அதே 5. வெளியே நிற்பவர்கள் 80 சதவீதம், கூட்டணிகள் 53,130. முதல் பாகத்துக்கு இருந்த ஆங்கிலக் குரல் இதற்கு இல்லை, ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும்தான். ஸ்விட்ச் வந்து இரண்டு ஆண்டு கடந்த பிறகு, மங்கிக்கொண்டிருந்த கருவிக்கு யார் அவ்வளவு செலவழிப்பார்கள்? எனக்கு முதல் பாகமே கெட்டியாகத் தோன்றுகிறது. 17 பேரை முகம் மறக்காமல் வைத்துக்கொள்ளலாம், 25இல் சிலர் ஒற்றைவரி ஆட்களாகிவிடுகிறார்கள்.

இன்று தொடங்க நினைப்பவருக்குக் கடைசிக் கணக்கு. ஏறக்குறைய 7.59 கோடி விற்ற 3டிஎஸ் வரிசையின் உற்பத்தி 2020 செப்டம்பரில் நின்றது. இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை மூடியது. இனி கிடைப்பது பெரும்பாலும் பழைய கார்ட்ரிட்ஜ்தான், விலை விற்பவர் வைத்தது. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஜப்பானியக் கருவியில் ஓடாது, எனவே முதலில் கருவியின் நாட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு கேமைத் தேடுங்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைன் சேவையும் நிறுத்தப்பட்டது. அதனால் இந்தக் கேமுக்குப் பெரிய நட்டமில்லை. மற்றவர்கள் உருவாக்கிய பெர்சோனாக்கள் கியூஆர் குறியாகக் கைமாறும், அதைக் கருவியின் கேமராவுக்குக் காட்டினால் போதும். அழைக்கும் கட்டணத்தை மட்டும் கேமுக்குள் சேர்த்த பணத்தில் கட்ட வேண்டும்.