மருத்துவருக்கும் உறக்கம் வேண்டும்



பின்னிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நெடுநேரம் காத்திருந்த பிறகு ஓர் இளம் மருத்துவர் வருகிறார். கண்கள் சிவந்திருக்கின்றன. நாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு திரும்பியதும் நாம் என்ன சொல்கிறோம்? "நேற்றுப் படித்து வந்த பிள்ளை, அதற்குள் என்ன தலைக்கனம்!" என்கிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். என் எண்ணத்தை மாற்றியவள் என்னிடம் படித்த ஒரு மாணவி. அவள் தந்தை பால்மரம் வெட்டியவர். தாய் வெளிக்காட்டு வேலை செய்தவர். முதலாம் வகுப்பில் நான் கைபிடித்து எழுத வைத்த பிள்ளை மருத்துவப் பட்டத்துடன் வந்தபோது, லயமே திருவிழாக் கோலம் பூண்டது. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு வந்தவள், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே உறங்கிப் போனாள். எழுந்த பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "சார், முன்பெல்லாம் நோயாளி அழுதால் எனக்கும் கண் கலங்கும். இப்போது, இவர் எப்போது அழுது முடிப்பார், நான் எப்போது அடுத்த கட்டிலுக்குப் போவேன் என்றுதான் தோன்றுகிறது. நான் கெட்டவளாகிவிட்டேனா சார்?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், பயிற்சி மருத்துவர் என்பவர் யார்? பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவுடன் ஒருவர் தனியாக மருத்துவம் பார்த்துவிட முடியாது. மருத்துவமனையில் மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பணியாற்றிப் பழக வேண்டும். நம் நாட்டில் இதற்கு முன்பு ஓராண்டு இருந்தது. 2008ஆம் ஆண்டு முதல் ஈராண்டாயிற்று. பொது மருத்துவம், அறுவை, எலும்பு, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று சில மாதங்களுக்கு ஒரு பிரிவாக மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பிரிவின் வேலை கைக்குப் பழகும் நேரத்தில் அடுத்த பிரிவு தொடங்கிவிடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்களும் பழகுபணி செய்தோம். விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். நான் தவறினால் ஒரு பாடம் வீணாகும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மருத்துவர் தவறினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அச்சம் அவர்களை விட்டு அகலுவதே இல்லை.

என் மாணவிக்கு நேர்ந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். எண்ணெய் வற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் திரியே கருகுமல்லவா? அதைப் போன்றது இது. நாம் இதைப் பணித்தேய்வு என்று சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. ஒன்று, ஆற்றல் முழுவதும் வடிந்துவிட்டது போன்ற களைப்பு. இரண்டு, செய்யும் வேலையின் மேல் பற்று விட்டுப் போதல், வெறுப்புத் தோன்றுதல். மூன்று, 'என்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். இது வேலையிடத்தில் நெடுநாள் தீராதிருக்கும் நெருக்கடியால் வருவது என்றும் அந்த நிறுவனம் தெளிவுபடுத்தியது.

இதை அந்தப் பெண்ணின் தந்தையிடம் விளக்க முயன்றேன். அவர் என்னைவிட நன்றாக விளக்கிவிட்டார். "சார், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிற மரத்தை ஓய்வில்லாமல் வெட்டினால் முதலில் மங்கு நிறையும். பிறகு பால் நீர்த்துப் போகும். கடைசியில் பட்டை காய்ந்துவிடும். கத்தி பட்டாலும் ஒரு சொட்டு வடியாது. அதற்கு மரத்தையா குறை சொல்வது?" என்றார். நேயர்களே, இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவர்களை இப்படி ஓய்வின்றி வேலை வாங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவை மருத்துவத் தலைவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பாராமல் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் அவர்களுக்கு 'ரெசிடென்ட்', அதாவது தங்கியிருப்பவர் என்ற பெயர் வந்தது. சிறந்த அறுவை மருத்துவர்களை உருவாக்கிய முறைதான் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கால மருத்துவமனை வேறு, இக்கால மருத்துவமனை வேறு. இன்று மருந்துகளும் கருவிகளும் பன்மடங்கு பெருகிவிட்டன. வந்து போகும் நோயாளிகளின் தொகையும் பெருகிவிட்டது. மனித உடலுக்கு வேண்டிய உறக்கம் மட்டும் மாறவில்லை.

இதனால் விளைந்த ஒரு துயரத்தைச் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் இரவு, லிபி சயன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலுடன் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவர் வழக்கமாக உட்கொண்டு வந்த ஒரு மருந்தோடு சேரக்கூடாத வேறொரு மருந்து அங்கே கொடுக்கப்பட்டது. அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் அன்றிரவு வேறு பல நோயாளிகளும் இருந்தனர். பொழுது விடிந்தபோது அந்தப் பெண் உயிரோடில்லை. இறப்பின் காரணத்தைப் பற்றி நீதிமன்றத்தில் நெடுநாள் வாதம் நடந்தது. எனினும் வழக்கை ஆராய்ந்த நடுவர் குழு, இளம் மருத்துவர்களின் நீண்ட வேலை நேரத்தையும் போதிய மேற்பார்வை இல்லாமையையும் கடுமையாகச் சாடியது.

அதன் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பயிற்சி மருத்துவரின் வேலை வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரத்தையும், தொடர்ச்சியாக 24 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது அந்த விதி. 2003இல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. நம் நாட்டு வேலைச் சட்டத்தில் 2023 முதல் வார வேலை நேர வரம்பு 45 மணி. அப்படியானால், குறைத்த பிறகும் அவர்களுடைய வேலை நேரம் கிட்டத்தட்ட இரு மடங்கு!

உறக்கமின்மை அறிவை எவ்வளவு மங்கச் செய்கிறது? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் இதை அளந்து காட்டினார்கள். 24 மணி நேரம் கண் விழித்திருப்பவரின் கையும் கருத்தும், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு வந்துவிடுகின்றன. இன்று நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்துள்ள வரம்பைப் போல் இது இரண்டு மடங்கு. மது அருந்தியவர் ஓட்டும் பேருந்தில் நாம் ஏறுவோமா? 2004இல் பாஸ்டன் நகரிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நீண்ட நேரப் பழைய முறைப்படி வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 விழுக்காடு கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். படிப்பிலும் பயிற்சியிலும் இரு சாராரும் ஒரே தரத்தினர். வேறுபாடு வேலை முறையில்தான் இருந்தது.

அப்படியானால் நேரத்தைக் குறைத்தால் போதுமா? போதாது. ஒருவர் பாதி வெட்டிய நிரையை இன்னொருவர் தொடர்ந்தால், எந்த மரம் வெட்டியது, எது வெட்டாதது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டுமல்லவா? மருத்துவர் மாறும்போதும் நோயாளியைப் பற்றிய செய்தி சரியாகக் கைமாற வேண்டும், இல்லையேல் ஆபத்து. அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு 2011இல் 16 மணி நேர வரம்பு விதித்துவிட்டு, 2017இல் மீண்டும் 24 மணி நேரமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்தோடு, போதிய ஆட்களும் வேண்டும். கேட்டால் சொல்லித்தர மூத்தவரும் வேண்டும். பலர் முன்னிலையில் இழிவாகத் திட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

நம் நாட்டிலும் மாற்றங்கள் நடந்துள்ளன. பகல் வேலை, இரவுக் காவல், மறுநாளும் வேலை என்று 30 மணி நேரத்தையும் தாண்டிய பழைய முறைக்குப் பதிலாக, 2011இல் நேரம் பிரித்து வேலை செய்யும் 'ஷிப்ட்' முறை வந்தது. 2016 இறுதியில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படலாயினர். உடல் களைப்போடு, 'நாளை வேலை இருக்குமா' என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கொரோனா காலத்தில், 2021 ஜூலை 26ஆம் நாள், ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையணிந்து மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து தங்கள் குறையை நாட்டுக்குச் சொன்னார்கள். 2022இல் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையின் வேலைப் பண்பாட்டை ஆராயத் தனிக்குழு ஒன்றை அமைத்தது.

இனி, நாம் செய்யக்கூடியவை என்ன? மருத்துவமனைக்குப் போகும்போது, வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தானாலும் மறைக்காதீர்கள். முக்கியமான தொல்லையை முதலில் சொல்லுங்கள். குடும்பமே ஒன்றாகப் பேசாமல் ஒருவரே பேசுங்கள். புரியாவிட்டால், "டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவர் களைத்திருக்கிறார் என்பதற்காக வாய்மூடி இருக்க வேண்டாம். நோயாளியின் நிலை மோசமானால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல், களைத்த கண்ணுக்குத் தப்பியதைக் காட்டிவிடலாம்.

பிள்ளையை மருத்துவராக்கிய பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை விடுமுறையில் வந்தால் முதலில் உறங்க விடுங்கள். இரவு வேலை முடிந்த கையோடு வண்டி ஓட்டி வரச் சொல்லாதீர்கள். "உனக்கென்ன குறை? வெயிலா, மழையா?" என்று வாயடைக்காதீர்கள். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் அதில் வெட்கமில்லை. 'வாழப் பிடிக்கவில்லை' என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல், அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு அப்புறம் இருக்கட்டும். பிள்ளை முதலில், பட்டம் பிறகு.

என் மாணவியின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அவளுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "நீ கெட்டவளாகவில்லை அம்மா. கெட்டவள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள்." அவள் சில நாள் விடுப்பு எடுத்தாள். மூத்த மருத்துவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினாள். அவர் செவிகொடுத்துக் கேட்டார். பயிற்சியை முடித்தாள். இப்போது சிறுநகரச் சுகாதார நிலையம் ஒன்றில் பணிபுரிகிறாள். சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பாட்டி தன் முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இடைமறிக்கவே இல்லை.