கணினியில் காணாமற்போன பகுதியை மீட்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் களையே இல்லை. பால்மரம் வெட்டும் தாயார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கணினி அது. அதில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருந்தார். கல்லூரிப் பாடங்களும் மறைந்த தந்தையாரின் படங்களும் லினக்ஸ் பகுதியில் இருந்தன. ஒருநாள் விண்டோஸில் வேலை செய்தபோது, பெயரில்லாத ஒரு பகுதி இடத்தை அடைத்திருப்பதைக் கண்டு, வீண் இடம் என்று நினைத்து நீக்கிவிட்டார். மறுமுறை திறந்தபோது கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற எழுத்துதான் நின்றது. “எல்லாம் போய்விட்டது, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்” என்றாராம் கடைக்காரர்.

உண்மையிலேயே எல்லாம் போய்விட்டதா?

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எந்த டிவிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆபீஸில் வரைபடம் இருக்கும். கிராணியார் அதில் இரண்டாம் டிவிஷனைத் தவறுதலாக அழித்துவிட்டால் மரங்கள் மறைந்துவிடுமா? நிரை நிரையாக அங்கேயேதான் நிற்கும். வெறுங்காடு என்று நினைத்துப் புல்டோசரை அனுப்பினால்தான் மரம் சாயும்.

கணினித் தட்டும் அப்படித்தான். பழைய கணினிகளில் தட்டின் முதல் 512 பைட்டுக்குள், வெறும் 64 பைட் இடத்தில் இந்த வரைபடம் அடங்கிவிடுகிறது. பகுதிக்கு 16 பைட்டாக, நான்கு பகுதிகளின் தொடக்கமும் அளவும் அதில் இருக்கும். பகுதியை நீக்கும்போது அழிவது இந்தக் குறிப்புதான். கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்புகளும் லினக்ஸ் பகுதியில் இருந்ததால், அவற்றைக் காணாமல் கணினி நின்றுவிட்டது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, அந்தத் தட்டில் எதையும் எழுதக்கூடாது. ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். புல்டோசர் வாசலில் நின்று கேட்கும் கேள்வி அது.

இரண்டாவது, லினக்ஸ் உள்ள யுஎஸ்பி குச்சியிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். இயன்றால் முழுத் தட்டையும் வேறொரு தட்டில் நகல் எடுங்கள். தட்டு ‘டக் டக்’ என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது கருவியின் பழுது, கைதேர்ந்தவர் பார்க்கவேண்டியது.

மூன்றாவது, ‘டெஸ்ட்டிஸ்க்’ என்னும் இலவச மென்பொருள். ஒவ்வொரு பகுதியும் தன் தொடக்கத்தில் தன் வகையையும் அளவையும் எழுதிவைத்திருக்கும். எல்லைக் கல் போன்ற அந்த அடையாளங்களை இது தேடுகிறது. ‘அனலைஸ்’, பிறகு ‘குயிக் சர்ச்’ என்று தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் ‘டீப்பர் சர்ச்’. பகுதி தென்பட்டதும் ‘பி’ எழுத்தை அழுத்தினால் உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும். முக்கியமானவற்றை முதலில் வேறு தட்டுக்கு நகலெடுங்கள். பட்டியல் சரிதான் என்று உறுதியான பிறகே ‘ரைட்’ கொடுத்து வரைபடத்தைத் திரும்ப எழுதவேண்டும். அவசரப்பட்டுத் தவறாக எழுதினால் சிக்கல் இரட்டிப்பாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகைத் தட்டுகளில் ஃபார்மட் செய்துவிட்டால், பழைய பதிவுகளைத் தட்டே துடைத்துவிடக்கூடும். பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை.

அந்த மாணவர் கடைக்காரர் சொன்னபடி துடைக்காமல் வந்தது நல்லதாயிற்று. ஏறக்குறைய ஒரு மணி நேரத் தேடலில் பகுதி அகப்பட்டது. முதலில் திறந்து பார்த்தது தந்தையாரின் படத்தைத்தான். பிள்ளையோடு வந்திருந்த தாயார் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெற்றோர்களே, மாணவர்களே! பிள்ளையின் படிப்பும் குடும்பத்தின் படங்களும் ஒரே தட்டில் இருக்கவேண்டாம். மாதம் ஒருமுறையாவது இன்னொரு தட்டில் நகல் எடுத்து, தனியே பத்திரப்படுத்துங்கள். ஏதேனும் காணாமற்போனால், முதலில் கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சிந்தியுங்கள்.