தங்கம் சிவக்கும் இடம்

மாரி மழை ஓய்ந்தால் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் காய்ச்சல்காரர் வீட்டில் எழும் முதல் கேள்வி, இது டெங்குவா என்பதுதான். விடை சொல்ல ஒரு கடதாசிப் பட்டி இருக்கிறது. சொட்டு இரத்தம் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்தால், டெங்கு என்றால் ஒரு சிவப்புக் கோடு கூடுதலாகத் தெரியும். பெரும்பாலான பட்டிகளில் அந்தச் சிவப்பு, சாயம் அல்ல. தங்கம்!

நகைக்கடையில் மஞ்சளாய் மின்னும் அதே தங்கந்தான். அதைச் சுமார் 40 நனோமீற்றர் மணிகளாக்கினால், 25,000 மணிகளை வரிசையாய் வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். அந்த அளவில் நிறமே மாறிவிடுகிறது. மணிக்குள் அடைபட்ட இலத்திரன்கள் ஒளி பட்டதும் ஒன்றாய்ச் சேர்ந்து அசைகின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் உயர்ந்து போகும் அல்லவா? அப்படி இந்த இலத்திரன்களின் ஆட்டத்துக்கு இசைவது, ஏறத்தாழ 520 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. பச்சையை மணி விழுங்கிவிட, நமக்கு வந்து சேர்வது செம்மை. இத்தகைய தங்கமணிகள் கலந்த சிவந்த நீரை விஞ்ஞானி மைக்கேல் பரடே 1857இல் ஆராய்ந்து எழுதினார். நிறத்தின் கணக்கை 1908இல் குஸ்தாவ் மீ போட்டுக் காட்டினார். பரடேயின் குப்பிகள் இலண்டனில் இன்றும் சிவப்பாகவே இருக்கின்றன.

பட்டியில் உள்ள தங்கமணிகளின்மேல் பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கும். டெங்கு வைரசின் என்.எஸ்.1 புரதம் இரத்தத்தில் இருந்தால் அவை அதைப் பற்றிக்கொண்டு கடதாசியில் ஊர்ந்து போகும். வழியில் கோடாகப் பதித்த வேறு பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தைப் பிடிக்க, கூடவே தங்கமும் குவியும்.

ஆனால் பட்டி சில வேளை தவறவிடும். காய்ச்சல் தொடங்கி நாள் போகப் போகப் புரதம் குறையும். இரண்டாம் முறை டெங்கு வந்தவரில் பட்டி ஏமாறும் வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால் பட்டி 'இல்லை' என்றாலும் வைத்தியர் சொல்வதையே கேட்க வேண்டும்.

முதுமாணி வகுப்பில் ஒளியியலையும் உணரிகளையும் நனோ தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேலை, பட்டியின் இந்தக் குறையைத் தீர்ப்பதில்தான். 2012இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறொரு நோய்க்கான பட்டியில் கண்ணுக்குத் தெரியாத மங்கல் கோட்டின்மீது லேசரைப் பாய்ச்சினார்கள். தங்கம் ஒளியை விழுங்கிச் சூடாகியது. சூட்டை அளந்ததில், கண்ணுக்குத் தெரிவதைவிடச் சுமார் 32 மடங்கு குறைந்த அளவும் பிடிபட்டது. எனக்கு இது இந்தத் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. பெரிய புதுப் பொருள் எதுவும் தேவைப்படவில்லை. ஒளிக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவைத் தெரிந்திருந்ததே போதுமாக இருந்தது.

இப்படியான கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு எட்டாத் தூரத்தில் இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. நனோ தொழில்நுட்பத்துக்கென 2008இல் தொடங்கிய நிறுவனமும் நாட்டில் உண்டு. உயர்தரத்தில் கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்று பிள்ளை தடுமாறினால், எதை எடுத்தாலும் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறைக்கு இரண்டு பிரிவிலிருந்தும் வழி உண்டு.