23 வயது பர்பன் ஏன் இவ்வளவு அரிது?

பீப்பாயில் ஊற்றும்போது பர்பன் விஸ்கிக்குத் தண்ணீரைப் போல நிறமே இல்லை. 23 ஆண்டு கழித்துத் திறந்தால் கரும்பழுப்பு. அளவோ பெரும்பாலும் பாதிகூட இருக்காது. மீதி எங்கே போனது?

வெட்டிவேர் போட்ட மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். வேரின் மணம் தண்ணீரில் இறங்கும். அதே நேரம் பானையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகும். ஓக் பீப்பாய்க்கும் இதே இரண்டு வேலைதான்.

அமெரிக்கச் சட்டப்படி, உட்புறம் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் பர்பன் ஊற வேண்டும். பர்பனுக்குப் பேர்போன கென்டக்கி மாநிலத்தின் கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கி வெளியே வரும். இப்படிப் போகவர வனிலா மணம், கருகிய சர்க்கரையின் இனிப்பு, நிறம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுதோறும் ஆவியாவதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். பேராசை பிடித்த தேவதைகள்!

அப்படியானால் பழசெல்லாம் அருமையா? இல்லை. புது மரம் துவர்ப்பையும் விடாமல் இறக்கும். பல பீப்பாய்கள் இருபதைத் தொடுமுன்பே வெறும் மரக்கசப்பாகிவிடும். தேறியவைதான் 'பேப்பி வான் விங்கிள் 23' போன்ற புட்டிகளுக்குள் போகின்றன.

புட்டியில் அடைத்ததும் முதிர்ச்சி நின்றுவிடும். அலமாரியில் பத்து ஆண்டு வைத்திருந்தால் விலை ஏறலாம். விஸ்கிக்கு வயது ஏறாது.